டிரெய்லர் இழுக்க எந்தப் பிக்கப், எந்த ஆக்சில் ரேஷியோ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்கள் சில, ஒன்றிரண்டு வருடம் ஆர்வி (படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டி) வாடகைக்கு எடுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, சொந்தமாக ஒரு டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் மாட்டி இழுக்கும் நடமாடும் வீடு) வாங்கலாம் என்ற முடிவுக்கு வருகின்றன. அதை இழுக்க ஒரு பிக்கப் வேண்டும். உடனே எழும் கேள்வி பெரும்பாலும் “ஆக்சில் ரேஷியோ (பின் ஆக்சிலின் பல்சக்கர விகிதம்) 3.55 போதுமா, 3.73 வேண்டுமா?” என்பதுதான். நல்ல கேள்வி. ஆனால் மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் டிரெய்லரின் எடை என்ன, அடுத்து அதன் பாரத்தை வண்டியின் முதுகு தாங்குமா, அதற்கப்புறம்தான் ஆக்சில். இங்கேயும் அந்த வரிசையிலேயே போகிறேன். எடைகள் எல்லாம் பவுண்டில் இருக்கும். அங்கே ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கும்.

பிரோஷரில் 11,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருக்கிறது. நான் பார்த்து வைத்த டிரெய்லர் 7,000தான். பிறகென்ன கவலை?

அந்த 11,000 உங்கள் வண்டியின் எண்ணாக இருக்க வாய்ப்பு குறைவு. எந்த எஞ்சின், எந்த கேபின், எந்த ஆக்சில் சேர்ந்தால் அதிகபட்சம் வருமோ அந்தச் சேர்க்கைக்கான எண்ணைத்தான் விளம்பரத்தில் போடுவார்கள். தவிர, அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது தலைக்கு 150 பவுண்டு எடையுள்ள இரண்டு பேர் மட்டுமே. பிள்ளைகள் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, சைக்கிள் இல்லை.

அரை டன் பிக்கப்பில் (எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500, டண்ட்ரா எல்லாம் இந்த வகை) முதலில் தீர்ந்துபோவது இழுக்கும் சக்தி அல்ல. பேலோட், அதாவது வண்டி தன் முதுகில் சுமக்கக்கூடிய எடை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதே மாடல், அதே வருடம், பக்கத்தில் நிற்கும் இன்னொரு வண்டியில் அந்த எண் 300, 400 பவுண்டு வித்தியாசப்படலாம். சன்ரூஃப், பெரிய சக்கரம், மின்சாரத்தில் இறங்கும் படி என்று சேரச் சேர எண் குறையும். விலை ஏற ஏற பேலோட் இறங்கும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வசதி செய்யப்பட்ட அரை டன் வண்டிக்கு இது சாதாரணமான எண். கணவன், மனைவி, வளர்ந்த இரண்டு பிள்ளைகள், மொத்தம் 500. லோடு ஏற்றிய பிறகு டிரெய்லர் 7,000. அதில் 13 சதவீதம் கொக்கியின் மேல் இறங்கும், அது 910. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் சாமான் 90. கூட்டினால் சரியாக 1,500. வண்டியின் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியில் ஒரு விறகுக் கட்டுகூட வைக்க இடமில்லை. 11,000 இழுக்கும் என்று சொல்லப்பட்ட வண்டி 7,000-த்திலேயே முடிந்துவிட்டது.

இதையே திருப்பிப் போட்டால் உங்களுக்கு ஏற்ற டிரெய்லர் கிடைத்துவிடும். 1,500-இல் ஆட்களுக்கு 500, சாமானுக்கு 200, ஹிட்சுக்கு 90 கழித்தால் மிச்சம் 710. அதை 0.13-ஆல் வகுத்தால் சுமார் 5,460. லோடு ஏற்றிய நிலையில் அந்த எடைக்குள் இருக்கும் டிரெய்லரைத் தேடுங்கள்.

டிரெய்லரின் எடை என்று எதை எடுத்துக்கொள்வது?

விற்பனையாளர் சொல்லும் “டிரை வெயிட்”டை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வெறும் கூட்டின் எடை. பல கம்பெனிகள் பேட்டரியையும் கேஸ் சிலிண்டரையும்கூட அதில் சேர்ப்பதில்லை. தண்ணீர் ஒரு காலனுக்கு 8.34 பவுண்டு; 40 காலன் தொட்டியை நிரப்பினாலே 330 பவுண்டுக்கு மேல் ஏறிவிடும். பாத்திரம், அரிசி, படுக்கை, நாற்காலி, கருவிப் பெட்டி எல்லாம் சேரும்போது நாலு பேர் குடும்பத்துக்கு ஆயிரம் பவுண்டு சர்வசாதாரணம். டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஜிவிடபிள்யூஆர் என்று ஒரு எண் இருக்கும். அது அந்த டிரெய்லர் சட்டப்படி எட்டக்கூடிய அதிகபட்ச மொத்த எடை. அதையே வைத்துக் கணக்கு போட்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

சாமான்களை டிரெய்லரின் பின்பக்கம் வைத்தால் கொக்கிப் பாரம் குறையுமே?

குறையும். தயவுசெய்து செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் அது இதுவாக இருக்கட்டும்.

டிராவல் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். அது குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். பக்கவாட்டுக் காற்றோ, கடந்துபோகும் லாரியின் காற்றழுத்தமோ பட்டதும் லேசாக ஆடும். வேகம் அதிகமென்றால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். சில விநாடிகளில் டிரெய்லர் வண்டியையே இழுத்துப் புரட்டிவிடும். கனமான சாமான்களை டிரெய்லரின் ஆக்சிலுக்கு மேலும் அதற்குச் சற்று முன்னாலும் தாழ்வாக வையுங்கள். பின் பம்பரில் நாலு சைக்கிளைத் தொங்கவிடுவது அளவைத் தலைகீழாக்கிவிடும்.

ஆட ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்ப முயலாதீர்கள். பிரேக் கன்ட்ரோலரில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தும் ஒரு நெம்பு இருக்கும், அதை அழுத்துங்கள். அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே தொடத் தெரிய வேண்டும். வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே பழகிக்கொள்ளுங்கள், இணையரும் பழகிக்கொள்ளட்டும்.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டால் பேலோட் கூடிவிடுமா?

கூடாது. கொக்கியில் பாரம் இறங்கும்போது வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் லேசாகிவிடும்; ஸ்டியரிங் பிடிப்பும் முன் பிரேக்கும் குறையும். இந்த ஹிட்சின் இரும்புக் கம்பிகள் அந்தப் பாரத்தில் ஒரு பகுதியை முன் ஆக்சிலுக்கும், கொஞ்சத்தை டிரெய்லரின் ஆக்சிலுக்கும் தள்ளும். அவசியமான சாமான்தான். ஆனால் கதவு ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை அது மாற்றாது. சரியாக அமைப்பது எப்படி என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். முன்சக்கர வளைவின் உயரத்தை டிரெய்லர் மாட்டும் முன்னும் மாட்டிய பின்னும் டேப் வைத்து அளப்பதுதான் வழி.

சரி, ஆக்சில் ரேஷியோ என்றால் என்ன?

பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாக இருக்கும் ஹவுசிங்குக்குள் கிரவுனும் பினியனும் இருக்கின்றன. நம் ஊர் லாரிப் பட்டறையில் புழங்கும் அதே கிரவுன் பினியன்தான். கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால் 41 வகுத்தல் 11, அதாவது 3.73. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, எஞ்சினிலிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்ற வேண்டும். 41-க்கு 10 என்றால் 4.10.

எண் பெரிதாக இருந்தால் சக்கரத்துக்குக் கிடைக்கும் முறுக்குவிசை அதிகம், எஞ்சின் சுற்றும் வேகமும் அதிகம். எண் சிறிதாக இருந்தால் நேர்மாறு. கியர் சைக்கிளில் மேட்டில் ஏற எளிதான பல்லுக்கு மாற்றுகிறோமே, கால் வேகமாகச் சுற்றும், பாரம் குறைவாகத் தெரியும், அதே விஷயம்.

4.10 இல்லாமல் டிரெய்லர் இழுக்காதே என்கிறார்கள். உண்மையா?

நான்கு கியர் காலத்தில் உண்மை. இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழைய அறிவுரையை நம்பி ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சக்கரத்தில் எவ்வளவு முறுக்கு கிடைக்கும் என்பதை ஆக்சில் மட்டும் தீர்மானிப்பதில்லை. கியர்பாக்ஸின் விகிதத்தையும் ஆக்சிலின் விகிதத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். செவர்லே பிக்கப்புகளில் வெகுகாலம் இருந்த 4எல்60இ என்ற நான்கு கியர் பெட்டியில் முதல் கியர் 3.06. அதை 4.10-ஆல் பெருக்கினால் 12.5. இப்போது ஃபோர்டும் ஜிஎம்மும் சேர்ந்து உருவாக்கிய பத்து கியர் பெட்டியில் முதல் கியர் 4.70. அதனோடு 3.31 ஆக்சிலைச் சேர்த்தாலே 15.5 வந்துவிடுகிறது. ராமில் வரும் எட்டு கியர் பெட்டியின் முதல் கியர் 4.71, மிகச் சிறிய 3.21 ஆக்சிலோடு 15.1. அதாவது இன்றைய வண்டியின் “பலவீனமான” ஆக்சில்கூட, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அன்றைய 4.10-ஐ மிஞ்சுகிறது.

அப்போதைய இன்னொரு கஷ்டம் கியர்களுக்கு நடுவே இருந்த பள்ளம். 3.06, 1.63, 1.00, 0.70. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் எஞ்சின் முக்கும். இரண்டுக்கு இறக்கினால் அலறும். நடுவில் எதுவும் கிடையாது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பெரிய எண் ஆக்சில் தேவைப்பட்டது. பத்து கியரில் 1.00, 1.28, 1.52 என்று நெருக்கமாகப் படி இருப்பதால் எஞ்சின் தனக்குப் பிடித்த சுற்றிலேயே நிற்க முடிகிறது.

டண்ட்ராவைப் பாருங்கள். முந்தைய தலைமுறையில் 5.7 லிட்டர் எஞ்சின், ஆறு கியர், ஆக்சில் 4.30 வரை. 2022-இல் வந்த புதிய தலைமுறையில் டர்போ எஞ்சின், பத்து கியர், ஆக்சில் 3.31. இழுக்கும் அதிகபட்ச எடையோ 12,000 பவுண்டுக்கு உயர்ந்தது.

அப்படியானால் எந்த ஆக்சிலை எடுத்தாலும் ஒன்றுதானா?

இல்லை. கம்பெனி தரும் இழுவை எண் ஆக்சிலைப் பொறுத்து மாறுகிறது. அதைத் தாண்ட உங்களுக்கு வழியில்லை. ராம் 1500-இல் ஹெமி என்ற பெட்ரோல் எஞ்சினோடு 3.21 ஆக்சில் எடுத்தால் 3.92-ஐவிட ஏறத்தாழ 3,000 பவுண்டு குறைவாகத்தான் இழுக்க அனுமதி. அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ். செங்குத்தான ஏற்றத்தில் நின்று கிளம்புவது, வெயிலில் மெதுவாக ஏறும்போது கியர்பாக்ஸ் சூடாவது இவையெல்லாம் சேர்ந்து அந்த எல்லையைத் தீர்மானிக்கின்றன. ஆக்சில் எண் சிறிதாக இருந்தால் அதே இழுவையைக் கொடுக்க கியர்பாக்ஸும் ஷாஃப்டும் அதிகச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும்.

ஆனால் சாலையில் ஓடும்போது தெரியும் வித்தியாசம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. மணிக்கு 65 மைல், 32 அங்குல டயர் என்று வைத்தால், 3.31 ஆக்சில் வண்டி ஏழாவது கியரில் சுமார் 2,260 ஆர்பிஎம்மில் ஓடும். 3.73 வண்டி எட்டாவது கியரில் சுமார் 2,170. கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒரு கியர் மேலே, ஒரு கியர் கீழே, அவ்வளவுதான்.

என் பரிந்துரை இப்படி. பெட்ரோல் அரை டன் வண்டியில் 5,000 பவுண்டுக்கு மேல் அடிக்கடி இழுப்பீர்கள் என்றால், கம்பெனியின் டோ பேக்கேஜோடு வரும் நடு அல்லது பெரிய எண்ணை எடுங்கள்: எஃப்-150-இல் 3.55 அல்லது 3.73, ராமில் 3.92. டோ பேக்கேஜ்தான் முக்கியம்; அதில் கூடுதல் குளிர்விப்பான், வலுவான ரிசீவர் (ஹிட்சைச் செருகும் சட்டம்), பிரேக் கன்ட்ரோலர் என்று பின்னால் தனியாகப் போடச் சிரமமான பலவும் சேர்ந்து வரும். எந்தெந்தச் சாமான் எந்தப் பேக்கேஜில் வருகிறது என்பதைக் கம்பெனிவாரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வருடத்தில் இரண்டு முறை 4,000 பவுண்டு இழுப்பவருக்கு ஆக்சில் எண்ணைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கதவு ஸ்டிக்கரில் நல்ல பேலோட் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கினால் போதும். டீசல் வண்டிக்கு முறுக்கு கீழ்ச் சுற்றிலேயே கிடைத்துவிடுவதால் 3.31, 3.42 போன்ற சிறிய எண்களே வசதி. முக்கால் டன் (எஃப்-250, ராம் 2500 வகை) பெட்ரோல் வண்டிக்கு மட்டும் பெரிய எண் இன்னும் அர்த்தமுள்ளது. அது கனமான வண்டி, எஞ்சினும் உயர்ந்த சுற்றில்தான் சக்தியைக் கொடுக்கும், 3.73 அல்லது அதற்கு மேல் எடுங்கள்.

இழுவை எண்ணை எப்படிச் சோதிக்கிறார்கள்?

எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 என்ற பொது விதிமுறை இருக்கிறது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு எண் போட்டுவந்தது. 2011 மாடல் டண்ட்ராவில் டொயோட்டா முதலில் அதை ஏற்றுக்கொண்டது. மற்ற பெரிய கம்பெனிகளின் அரை டன் வண்டிகள் 2015 மாடல் வாக்கில் வந்து சேர்ந்தன. அதனால் அதற்கு முந்திய பழைய வண்டியின் எண்ணையும் இன்றைய எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.

சோதனையில் ஒன்று அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே புல்ஹெட் சிட்டியிலிருந்து மேலேறும் மாநிலச் சாலை 68. 11.4 மைலில் சுமார் 3,000 அடி ஏற்றம். வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், உள்ளே ஏசி முழு வேகத்தில். பின் ஆக்சிலில் பக்கத்துக்கு ஒரே சக்கரம் உள்ள வண்டி 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏறிவிட வேண்டும். இது தவிர 12 சதவீத ஏற்றத்தில் நின்று கிளம்புவதும் உண்டு.

மலைப் பக்கம் போவோம். என்ன கவனிக்க வேண்டும்?

ஏறுவதற்கு எஞ்சின் வகையும், இறங்குவதற்கு உங்கள் நிதானமும்.

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே சேர்வதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டர்போ எஞ்சின் காற்றை அழுத்திக் கொடுப்பதால் இழப்பு மிகக் குறைவு. டென்வர் பக்கம் இருப்பவர்களுக்கு ஆக்சில் எண்ணைவிட டர்போ பெரிய விஷயம்.

ஆனால் மெதுவாக ஏறுவது ஆபத்தில்லை. வலது தடத்தில், எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு, 40 மைலில் லாரிகளுக்குப் பின்னால் ஏறலாம். எஞ்சின் 4,500 ஆர்பிஎம்மில் சத்தம் போட்டாலும் பயப்பட வேண்டாம். அது அதற்காகச் செய்யப்பட்டதுதான். உயிருக்கு ஆபத்து இறக்கத்தில். ஐசனோவர் சுரங்கத்திலிருந்து மேற்கே இறங்கும் சாலை 7 சதவீதச் சரிவு. கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே ஐ-5-இல் வரும் கிரேப்வைனும் 6 சதவீதம் தொடர்ந்து பல மைல் இறங்கும். இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே டோ-ஹால் மோடை (பாரம் இழுக்கும்போது கியரைத் தாழ்வாக வைக்கும் அமைப்பு) போட்டு, கியரை இறக்கி, வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே போகாதீர்கள். வேகம் ஏறும்போது ஒரு முறை உறுதியாக அழுத்தி, 10 மைல் குறைத்து, காலை எடுங்கள். பெரிய எண் ஆக்சிலும் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக்கும் இங்கே உதவும். பிரேக் கருகிய வாடை வந்தால் உடனே ஓரங்கட்டிச் சூடு ஆறவிடுங்கள்.

3.73 எடுத்தால் பெட்ரோல் அதிகம் குடிக்குமா?

டிரெய்லர் இல்லாதபோது கொஞ்சம். டிரெய்லர் மாட்டியபிறகு கிட்டத்தட்ட வித்தியாசம் இருக்காது, ஏனென்றால் அப்போது எரிபொருளைத் தின்பது காற்று. உயரமான டிராவல் டிரெய்லரோடு பெட்ரோல் பிக்கப் காலனுக்கு 8 முதல் 11 மைல் கொடுத்தால் அதுவே இயல்பு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் போல ஏறும். 70-லிருந்து 62-க்கு இறக்கினால் ஆக்சிலை மாற்றுவதைவிட அதிகம் மிச்சமாகும். டிரெய்லர் டயர்கள் பலவும் 65 மைல் வேகத்துக்குத்தான் தயாரிக்கப்படுகின்றன என்பதும் நினைவிருக்கட்டும். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குச் சட்டமே 55 மைல்தான்.

இதே காரணத்தால்தான் 6,000 பவுண்டு படகை இழுப்பதும் 6,000 பவுண்டு டிராவல் டிரெய்லரை இழுப்பதும் ஒன்றல்ல. கையேட்டில் டிரெய்லரின் முன்முகப் பரப்புக்கும் ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். அதையும் படியுங்கள்.

பெரிய டயர் போட்டால்?

ஆக்சிலைச் சிறியதாக மாற்றியதற்குச் சமம். 32 அங்குலத்துக்குப் பதில் 35 போட்டால் உங்கள் 3.73 நடைமுறையில் 3.41 ஆகிவிடும். டயரின் எடை கூடுவதால் பேலோடும் குறையும். இழுக்க வாங்கும் வண்டியில் அளவு மாற்றாதீர்கள்.

கையில் 3.31 இருக்கிறது. பட்டறையில் கொடுத்து 3.73-ஆக மாற்றிவிடலாமா?

மாற்றலாம், ஆனால் வேண்டாம் என்பேன். நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் கிரவுன் பினியன் மாற்ற வேண்டும். செலவு 2,000 டாலரைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகும் கம்பெனி தந்த இழுவை எண் காகிதத்தில் மாறாது, பேலோடும் ஒரு பவுண்டு கூடாது. அந்தப் பணத்தை நல்ல ஹிட்சுக்கும் டிரெய்லருக்கு நல்ல டயருக்கும் செலவழியுங்கள்.

பழைய வண்டி பார்க்கிறேன். என்ன ஆக்சில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விற்பவர் வாயால் சொல்வதை விட்டுவிட்டுக் குறியீட்டைப் பாருங்கள். ஃபோர்டில் கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரில் ஆக்சில் என்ற இடத்துக்குக் கீழே இரண்டெழுத்துக் குறியீடு இருக்கும்: 19 என்றால் 3.55 சாதாரணம், எல்9 என்றால் 3.55 லாக்கிங் (இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்ற வைப்பது), எல்6 என்றால் 3.73 லாக்கிங். ஜிஎம் வண்டிகளில் சில வருடங்களுக்கு முன்புவரை குளோவ் பாக்ஸுக்குள் குறியீட்டுப் பட்டியலே ஒட்டியிருப்பார்கள்: ஜியூ6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10, ஜி80 இருந்தால் லாக்கிங் டிஃபரன்ஷியல். ராமுக்கு விஐஎன் என்ற வண்டி அடையாள எண்ணைக் கொடுத்து, டீலரிடம் பில்ட் ஷீட் (வண்டியில் என்னென்ன போட்டுத் தயாரித்தார்கள் என்ற பட்டியல்) கேளுங்கள். லாக்கிங் இருந்தால் ஈரமான படகுத் துறையிலும் புல் தரையிலும் நன்றாக உதவும். நெடுஞ்சாலையில் அதனால் வித்தியாசம் இல்லை.

எப்போது அரை டன்னை விட்டு முக்கால் டன்னுக்குப் போக வேண்டும்?

லோடு ஏற்றிய டிராவல் டிரெய்லர் 8,000 பவுண்டை நெருங்கினால், அல்லது நீளம் 30 அடியைத் தொட்டால், எஃப்-250, சில்வராடோ 2500, ராம் 2500 வகையைப் பாருங்கள். எஞ்சின் சக்திக்காக அல்ல. கனமான சட்டம், விறைப்பான ஸ்பிரிங், அகலமான பிரேக், கெட்டியான டயர் இவற்றுக்காக. அரை டன்னில் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஓட்டும் அதே டிரெய்லர், இதன் பின்னால் அடக்கமாக வரும். தொட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் என்றால் கேள்வியே வேண்டாம்; அதன் எடையில் 15 முதல் 25 சதவீதம் வண்டியின் மேல் உட்காரும்.

டீசலா பெட்ரோலா என்பதில் ஒரு எச்சரிக்கை. டீசல் எஞ்சின் மிகக் கனமானது. அதனால் வசதிகள் நிறைந்த சில முக்கால் டன் டீசல் வண்டிகளில் பேலோட் 2,000 பவுண்டை ஒட்டியே நிற்கும், பெட்ரோல் வண்டியைவிடக் குறைவாக. அங்கேயும் கதவு ஸ்டிக்கர்தான் பேச வேண்டும். வாரநாளில் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு டீசல் வேண்டாம். குட்டிப் பயணத்தில் அதன் புகை வடிகட்டி சரியாகச் சுத்தமாகாது.

டிரெய்லர் நீளத்துக்கும் வண்டிக்கும் கணக்கு உண்டா?

சட்டமில்லை, ஓட்டுகிறவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 110 அங்குலம் இருந்தால் 20 அடி டிரெய்லர். அதற்கு மேல் ஒவ்வொரு அடிக்கும் 4 அங்குலம் கூடுதலாக வேண்டும். 145 அங்குலம் உள்ள எஃப்-150 கிரூ கேபினுக்கு 28 அடி, சற்று மேலே. காற்று அதிகமான டெக்சாஸ் மேற்குப் பகுதி, வயோமிங் பக்கம் போகிறவர்கள் இன்னும் இரண்டடி குறைத்துக்கொள்வது நல்லது.

எங்களிடம் டொயோட்டா சியென்னா மினிவேன் இருக்கிறது. பிக்கப் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. டோ வசதியோடு வாங்கிய சியென்னா 3,500 பவுண்டு வரை இழுக்கும். மடக்குக் கூரை வைத்த சின்ன பாப்-அப் டிரெய்லருக்குப் போதும். அங்கேயும் ஆட்களின் எடையைக் கழித்துத்தான் கணக்கு.

எலெக்ட்ரிக் பிக்கப்?

இழுக்கும் சக்தி தாராளம், ஆக்சில் கேள்வியே எழாது. ஆனால் உயரமான டிரெய்லர் மாட்டினால் ஓடும் தூரம் ஏறத்தாழ பாதியாகும், பல சார்ஜிங் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றிவிட்டுத்தான் சார்ஜ் போட முடியும். பக்கத்து ஏரிக்குப் போக நல்லது. யெல்லோஸ்டோன் பயணத்துக்கு இன்னும் பொறுக்கலாம்.

பிரேக், லைசென்ஸ் விதிகள்?

பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம், கலிபோர்னியாவில் 1,500-லேயே. சட்டம் கேட்காவிட்டாலும் பிரேக் இருக்கட்டும். கனடாவின் ஒண்டாரியோவில் சாதாரண ஜி லைசென்ஸில் 4,600 கிலோ வரை இழுக்கலாம்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படி உறுதிசெய்வது?

எடை போட்டுப் பாருங்கள். பெரிய லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். ஒரு முறை எடை போட இருபது டாலருக்குள் முடிந்துவிடும். முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கொடுப்பார்கள். குடும்பம், முழு டேங்க் எரிபொருள், எல்லாச் சாமான்களோடு ஒரு முறை. ஹிட்சின் கம்பிகளைக் கழற்றிவிட்டு ஒரு முறை. டிரெய்லரே இல்லாமல் வண்டி மட்டும் ஒரு முறை. இரண்டாவது சீட்டில் வண்டியின் இரண்டு ஆக்சில்களையும் கூட்டி, அதிலிருந்து மூன்றாவதின் மொத்தத்தைக் கழித்தால் உண்மையான கொக்கிப் பாரம் கிடைக்கும். முதல் சீட்டில் உள்ள ஒவ்வொரு ஆக்சிலின் எடையையும் கதவில் எழுதியிருக்கும் ஆக்சில் வரம்போடு ஒப்பிடுங்கள். முதல் நீண்ட பயணத்துக்கு முந்திய வாரமே இதைச் செய்தால், தாண்டியிருந்தாலும் சாமானை மாற்றி வைக்க நேரம் இருக்கும்.

புது வண்டி வந்ததும் அந்த வார இறுதியிலேயே டிரெய்லரை மாட்டலாமா?

கூடாது. கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று பதிய அவகாசம் வேண்டும். அதற்குள் பெரிய பாரம் ஏறினால் பற்கள் அளவுக்கு மீறிச் சூடாகும். கம்பெனியைப் பொறுத்து 500 முதல் 1,000 மைல் வரை டிரெய்லர் இல்லாமல் ஓட்டச் சொல்லியிருப்பார்கள். ஆக்சிலையோ எஞ்சினையோ பின்னால் புதிதாக மாற்றினாலும் இதே விதிதான். அந்த மைல்களை முடித்துவிட்டு, முதலில் காலி டிரெய்லரோடு ஒரு பெரிய வாகன நிறுத்துமிடத்துக்குப் போய்ப் பின்னால் எடுக்கப் பழகுங்கள்.